பைத்தான் மொழி: கற்போர் அறிய வேண்டியவை

கணிப்பொறியிடம் வேலை வாங்க வேண்டுமாயின் அதற்கு உரிய மொழியில் கட்டளையிட வேண்டும். அத்தகைய மொழிகளுள் இன்று மாணவரிடையே பெரிதும் பரவியுள்ளது பைத்தான் ஆகும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் இம்மொழியே கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலும் இது இடம்பெற்றுள்ளது. எனினும், தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கூடப் பத்து வரி நிரலைத் தாமாக எழுதத் தயங்குவதுண்டு. விடையை மனப்பாடம் செய்வது வேறு, கணிப்பொறியை இயக்குவது வேறு என்பதே இதற்குக் காரணம். பெருந்தொகை செலுத்தித் தனியார் வகுப்பில் சேர இயலாத சிற்றூர் மாணவருக்கு இம்மொழியைச் சரியான முறையில் பயிலும் வழி தெரிந்திருப்பது மிகவும் அவசியம்.

தோற்றமும் மாற்றமும்

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள கணித, கணினியியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய குவிடோ வான் ரோசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் இம்மொழியை உருவாக்கத் தொடங்கி, 1991இல் வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பைக் குறித்தாலும், அவர் அதனைப் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். இம்மொழியை எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, முந்தைய பதிப்போடு முழுதும் ஒத்துப்போகாத வகையில் திருத்தியமைக்கப்பட்டது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆகவே, நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ கிடைக்கும் நூல் எப்பதிப்புக்கு உரியது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால் இரண்டாம் பதிப்பு 3 என்று விடை தரும்; மூன்றாம் பதிப்போ 3.5 என்று தரும். திரையில் எழுத்தைக் காட்டும் 'பிரிண்ட்' கட்டளைக்கு முன்பு அடைப்புக்குறி தேவையில்லை. இப்போது அது இன்றியமையாதது. பழைய நூலைப் பார்த்து எழுதிய மாணவர், நிரல் இயங்காதபோது பிழை தம்முடையது என எண்ணிச் சோர்வடைய நேரும்.

கட்டணமில்லாக் கல்வி வாயில்கள்

மொழியைப் பேணுவோரே வெளியிடும் தொடக்கப் பயிற்சி நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிறமொழி ஒன்றில் ஓரளவு பழகியவருக்கு அது மிகவும் ஏற்றது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'சுவயம்' தளத்திலும், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்திலும் பைத்தான் பாடங்கள் உள்ளன. பாடத்திற்குக் கட்டணமில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. ஆங்கிலம் தடையாக இருப்போர்க்கு, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் உதவும். அவை குறுகிய ஒலி-ஒளிப் பாடங்கள்; பல இந்திய மொழிகளில் குரல் கொடுக்கப்பட்டவை.

பயிலும் முறை

நூலிலுள்ள நிரலைப் படித்தால் மட்டும் போதாது. தம் கையால் தட்டச்சு செய்து இயக்கிப் பார்க்க வேண்டும். பிறகு ஓர் எண்ணையோ சொல்லையோ மாற்றி, விளைவு என்னவாகும் என முன்கூட்டியே ஊகித்து, மீண்டும் இயக்குதல் நன்று. பிழைச்செய்தி தோன்றினால் அதன் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். பிழையின் வகை பெரும்பாலும் அங்கேதான் கூறப்பட்டிருக்கும். பிறரிடம் உதவி கேட்கும்போது நிரல், முழுப் பிழைச்செய்தி, எதிர்பார்த்த விடை ஆகிய மூன்றையும் தெரிவித்தால் தெளிவான மறுமொழி கிடைக்கும்.

நடைமுறைக் கணக்குகளில் எச்சரிக்கை தேவை. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணிப்பொறி துல்லியமாக 0.3 எனக் காட்டாது. மிக நுண்ணிய மிகுதி ஒன்று ஒட்டிக்கொள்ளும். பின்னங்களை அது இரும எண்களில் வைத்துக்கொள்வதே காரணம். கூலிப் பட்டியலோ கூட்டுறவுச் சங்கக் கணக்கோ எழுதுவோர் தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் கணக்கிடலாம். அல்லது 'டெசிமல்' என்னும் துணைத்தொகுதியைக் கையாளலாம்.

இந்திய மொழிகளைக் கையாள்வோர்க்கும் ஒரு குறிப்பு உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. பைத்தான் எண்ணுவதோ ஐந்து. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே கணக்கிடுகிறது. முதல் நான்கை மட்டும் வெட்டி எடுத்தால் 'தமிழ' என்று புள்ளியிழந்து நிற்கும். பயனாளிகளின் பெயர்ப்பட்டியலில் இவ்வாறு நேர்ந்தால் ஒருவரது பெயரே மாறிவிடக்கூடும்.

கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று வந்துள்ளன. அவற்றின் விடை சரியா என்று சோதித்தறியும் திறனை, தாமே எழுதிப் பழகியவரே பெறுவர். நாள்தோறும் ஒரு மணி நேரம், தம் ஊரின் மழையளவையோ வீட்டின் செலவுக் கணக்கையோ கொண்டு சிறு நிரல் எழுதிப் பழகினால், பட்டறிவு தானே வளரும். கருவியும் பாடமும் விலையின்றிக் கிடைக்கும் இக்காலத்தில், விடாமுயற்சி ஒன்றே மாணவர் செலுத்த வேண்டிய விலையாகும்.