இறைப்பு எஞ்சினின் கோளாறுகளைக் கமக்காரர் தாமே அறிந்து திருத்தல்

வற்றாத ஆறு எதுவும் ஓடாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பயிருக்கு உதவுவது சுண்ணக்கற் பாறையினுள் தங்கும் கிணற்று நீரேயாகும். கோப்பாய், உரும்பிராய், இணுவில் முதலிய இடங்களின் செம்பாட்டு மண்ணில் நட்ட வெங்காயம் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நீரை வேண்டி நிற்கும். துலாவினால் இறைத்த காலத்தில் ஆள் வராவிட்டால் அயலவர் உதவினர். எஞ்சின் நின்றுவிட்டாலோ திருத்துபவர் வரும்வரை பாத்தி காய்கின்றது. எனினும், நின்றுபோன எஞ்சின்களிற் பல உண்மையிற் பழுதடைந்தவை அல்ல. சிறு தடையொன்றே அவற்றை நிறுத்தியிருக்கும்.

முதலில், எஞ்சின் ஓடியும் நீர் வரவில்லையா, அன்றி எஞ்சினே ஓடவில்லையா என்பதைப் பிரித்தறிக. ஓடியும் நீர் வராவிடின் குற்றம் பெரும்பாலும் உறிஞ்சு குழாயின் பக்கத்திலேயே இருக்கும். பம்பினுள் நீர் நிரப்பிப் பார்க்குக. நிரப்பிய நீர் சிறிது நேரத்தில் இறங்கிவிடுமாயின், குழாயின் அடியிலுள்ள வால்வில் குப்பையோ சிறுகல்லோ சிக்கியுள்ளது என்பது பொருள். நீர் இறங்காமல் நின்றும் இறைப்பு நடவாவிடின், மூட்டுகளில் காற்றுப் புகுகின்றதா எனப் பார்க்க வேண்டும். மூட்டின்மேல் ஈரக் களிமண்ணை அப்பியவுடன் நீர் வரத் தொடங்கினால் ஒழுக்கு அங்கேயே உள்ளது.

எஞ்சின் ஓடாவிடின் மூன்றை மட்டும் ஆராய்க: எரிபொருள், தீப்பொறி, அமுக்கம். கயிற்றை நாற்பது முறை இழுத்துக் கை சோர்ந்த பின்னரே தாங்கியைத் திறந்து பார்ப்போர் நம்மிடையே பலர் உளர். சில முறை இழுத்தும் ஓடாவிடின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தலே நன்று. பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. தாங்கியின் அடியில் தங்கிய நீர், அடைபட்ட வடி, காபரேற்றர்க் கிண்ணத்திலுள்ள அழுக்கு ஆகியவற்றை நீக்குக. வாங்கிய மண்ணெண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் சிறிது நேரம் வைத்தால், கலந்துள்ள நீர் அடியில் தனியே தெரியும். பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் வருகின்றது, பொறியே ஐயத்துக்குரியது. சிந்திய எண்ணெயைத் துடைத்து, தாங்கியை மூடி, பிளக்கைத் துடைத்து வயரில் மாட்டி, அதன் உடலை எஞ்சினின் இரும்பில் தொடவைத்துக் கயிற்றை இழுக்க நீலப்பொறி தோன்ற வேண்டும். கரி படிந்த பிளக்கைச் சுரண்டித் துடைத்தாலே பல எஞ்சின்கள் உயிர்பெறும். இழுக்கும்போது கயிறு எதிர்ப்பின்றி இலகுவாக வருமாயின் அமுக்கம் குறைந்துள்ளது. அதனை வீட்டிற் திருத்த முயலாது வேலைத்தலத்துக்கு அனுப்புக.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக்கூடச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியதைப் பெரியோர் அறிவர். அத்துளிகள் தேவைப்பட்டமைக்குக் காரணம், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகாமையே. ஆவியாகாத எண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஊற்றாமலே ஒயிலின் மட்டம் உயர்ந்து மண்ணெண்ணெய் மணத்தால் அந்த ஒயிலை உடனே மாற்றுக. பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்குத் திருப்புக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பிச் சிறிது ஓடவிடின் மறுநாள் இலகுவாக இயங்கும். கரும்புகை வந்தால் காற்று வடியில் செம்மண் தூசி அடைத்துள்ளதா எனப் பார்க்க. நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், கரும்புகையாய்ப் போவது கமக்காரரின் பணமே.

கழற்றிய ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றலாகாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகள் அதனைக் குடிநீருக்கே கொண்டு செல்லும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. பம்பு நீரை இழுப்பதாகத் தோன்றினும், வெளிக்காற்றின் அமுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. ஆதலின் எத்துணை நல்ல பம்பும் ஏறத்தாழ 25 அடிக்குக் கீழிருந்து நீரை எடுக்க மாட்டாது. ஆடி, ஆவணியில் நீர்மட்டம் தாழும்போது சிலர் எஞ்சினையே கிணற்றினுள் இறக்கி வைக்கின்றனர். இதனை ஒருபோதும் செய்யற்க. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. கிணற்றினுள் தேங்கி, இறங்கியவரைச் சில நிமிடங்களில் மயங்கச் செய்யும். விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் இதற்கு உதவாது. உயிரைக் கொல்லும் அளவு இவ்வாயு இருந்தும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். நீர் எட்டாவிடின் இறைப்பை நிறுத்தி, ஊற்றெடுக்க விட்டு, அதிகாலையில் மீண்டும் இறைக்கலாம். மின்சாரம் உள்ளோர் நீர்மூழ்கி மோட்டரை நாடலாம். எவரேனும் உள்ளே மயங்கி வீழ்ந்தால் மற்றவர் பின்தொடர்ந்து இறங்காது, மேலிருந்தே கயிற்றால் தூக்க முயன்று, உடனே 1990 அம்புலன்சுக்கு அறிவிக்க வேண்டும்.