நடைபாதையின் கோடு எந்தத் தெரு வழியாகப் போகிறது?

2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில், 38 மாவட்டங்களிலும் தலா 8 கி.மீ. நடைபாதை அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சாதி பார்த்து வருவதில்லை. பூங்காக்களை இணைத்து, நடப்பவர், சைக்கிளில் செல்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் எல்லோருக்குமாகத் தளம் போட்ட பாதை வேண்டும் என்ற பேச்சும் வளர்ந்திருக்கிறது. அந்தப் பாதைக்கு வரைபடத்தில் யார் கோடு போடுகிறார்கள் என்பதே நமது கேள்வி.

வானூர் வட்டம் குயிலாப்பாளையத்தையே எடுத்துக்கொள்வோம். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது இந்தச் செம்மண் மேடு மழையில் அரித்துப் பொட்டலாகக் கிடந்தது. கரை போட்டு, குழி வெட்டி, கன்று நட்டதில் சுற்றுவட்டாரக் கூலிக்காரர்களின் வியர்வையும் உண்டு. இன்று காட்டுக்குள் நிழலான சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. வெளியே, ஊர்க் கடைத்தெருவிலோ வேன்களும் சுற்றுலாப் பயணிகளின் வாடகை ஸ்கூட்டர்களும் நெரிகின்றன. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்கள் அந்த நெரிசலில்தான் ஒதுங்கி நடக்கிறார்கள். நலத்துக்காக நடப்பவருக்கு ஒரு மணி நேரம் பாதை போதும். பிழைப்புக்காக நடப்பவருக்கு இருட்டும்வரை அது வேண்டும், விளக்கும் வேண்டும்.

நமக்குப் பாதை சும்மா கிடைத்துவிடவில்லை. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லா வகுப்பினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராட்டம் நடந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 15(2)ஆவது பிரிவு சாலைகளையும் பொது மக்கள் கூடும் இடங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. பூங்காவும் அதில் அடக்கம்.

மாணவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பொது இடத்தில் தலித் ஒருவர் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. சைக்கிளுக்கும் சட்டம் எழுத வேண்டியிருந்த நாடு இது!

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் பழைய ரயில் தடங்களை ஒட்டி, பூங்காக்களை இணைத்து, 35 கி.மீ. சுற்றுப்பாதை போடுகிறார்கள். 1999இல் இந்த யோசனையைத் தன் ஆய்வேட்டில் முன்வைத்தவர் ரையன் கிராவெல் என்ற மாணவர். பாதை வந்த பகுதிகளில் வீட்டு விலையும் வாடகையும் ஏறின. நெடுங்காலமாக அங்கிருந்த கறுப்பின ஏழைகளுக்குக் குடியிருப்பதே சிரமமாயிற்று. கட்டுப்படியாகும் வீடுகளுக்குப் போதிய அக்கறை இல்லை என்று சொல்லி, 2016இல் கிராவெலே அத்திட்டத்தோடு இணைந்த அமைப்பின் குழுவிலிருந்து விலகினார். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலனியில் பட்டா இல்லாத வீடு எது என்று முதலில் கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதற்கு முன்பே கல்லூரிப் பிள்ளைகள் ஊர் வரைபடத்தை வாங்கி, காலனி, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைக் குறித்துக் காட்டலாம். நடைபாதையோ சைக்கிள் பாதையோ வருமானால் அது காலனித் தெருவைத் தொட்டே போக வேண்டும் என்று தீர்மானம் கேட்கலாம். கையெழுத்துப் போடும் முன், அந்த வரி தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.