நடமாடும் இலை

மகெல்லனின் உலகப் பயணத்திலே உடன்சென்ற இத்தாலியர் அந்தோனியோ பிகபெற்றா, 1521 ஆம் ஆண்டிற் போர்ணியோவை அடுத்த ஒரு தீவில் விந்தையொன்றைக் கண்டார். மரத்தினின்றும் வீழ்ந்த இலைகள் எழுந்து நடந்தன! அவற்றுள் ஒன்றைப் பெட்டியிலிட்டு ஒன்பது நாள் காத்தார். திறந்தபொழுது அவ்விலை பெட்டிக்குள்ளே சுற்றிவந்தது. காற்றையன்றி வேறெதனையும் அது உண்பதில்லை என்று குறித்துவைத்தார்.

அவர் கண்டது இலைப்பூச்சியே என்பது அறிஞர் கருத்து. கற்றவரையும் மயக்கிய அக்கோலம் மனிதனை ஏமாற்றுதற்கென அமைந்ததன்று. அப்படியாயின், யாருடைய கண்ணுக்காக அமைந்தது?

இலங்கையிலும் வாழும் இலைப்பூச்சியைச் சற்று நோக்குவோம். கொய்யா இலை அதற்கு உகந்த உணவு. பெண் பூச்சியின் முன்சிறகுகள் இரண்டும் முதுகின்மேற் பொருந்துங்கால், நடுநரம்பும் கிளைநரம்புகளும் ஓடிய ஒரே இலையாகத் தோன்றும். கால்களோ தட்டையாக விரிந்து சிற்றிலைகளை ஒக்கும். சிலவற்றின் மேனியிலே, வாடிய இலையிற் காணும் பழுப்புப் புள்ளிகளும் உண்டு. முட்டை, விதைபோல நிலத்தில் வீழ்ந்து கிடக்கும். பொரித்த குஞ்சு செங்கபில நிறத்தது. இலை தின்று வளர்கையிலே பச்சை நிறம் பெறும். நடக்கும்போதும் அது நேரே செல்வதில்லை. இளங்காற்றில் அசையும் இலைபோல முன்னும் பின்னும் ஆடியே செல்லும். பெண் பூச்சிக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. ஆதலால் மறைந்திருத்தலே அதன் முதற் காப்பு.

இக்கோலத்தைப் பூச்சி எண்ணித் துணிந்து புனையவில்லை. ஒரு தாயின் குஞ்சுகளிடையே நிறத்திலும் வடிவிலும் சிறு வேறுபாடுகள் உண்டு. இலையினின்றும் வேறாகத் தெரிந்ததைப் பறவை கொத்திற்று. தெரியாதது எஞ்சி முட்டையிட்டது. எண்ணற்ற தலைமுறைகளாக இத்தேர்வு நடந்தது. உண்ண வந்த பகைவனின் கூரிய கண்ணே பூச்சியைச் செதுக்கிய உளியாயிற்று. ஜேர்மனியின் மெசல் என்னுமிடத்திற் கிடைத்து 2007 இல் விவரிக்கப்பட்ட இலைப்பூச்சிப் புதைபடிவம் 4 கோடியே 70 இலட்சம் ஆண்டு பழைமையானது. அதன் உருவம் இன்றைய இலைப்பூச்சியினின்றும் பெரிதும் வேறுபடவில்லை.

மறைதற்கு மாறாக, தன்னை வெளிக்காட்டி உயிர் காக்கும் பூச்சிகளும் உள. எருக்கிலை தின்று வளரும் ஒருவகை வண்ணத்துப்பூச்சி, செம்மஞ்சட் சிறகை விரித்து அஞ்சாது மெல்லப் பறக்கும். அதன் உடல் பறவைக்கு ஒவ்வாதது. ஒருமுறை சுவைத்த பறவை அந்நிறத்தை மறவாது. இவ்வச்சத்தைப் பயன்படுத்தி, தீங்கற்ற வேறோர் இனத்தின் பெண்ணும் அதே ஆடையை அணிந்து திரிகின்றது. அமேசன் காடுகளிற் பதினோராண்டு உழைத்த ஹென்றி பேற்ஸ், இத்தகைய போலித் தோற்றத்தின் காரணத்தை 1862 இல் விளக்கினார். எனினும் போலிகள் மிகுந்துவிடின் பறவை உண்மையை உணர்ந்துகொள்ளும். பின்னர் அவ்வாடை காவாது.

மறைநிறத்திற்கும் இத்தகைய எல்லை உண்டு. இங்கிலாந்தில் வெண்ணிறத்திற் கரும்புள்ளி தெளித்த அந்துப்பூச்சி ஒன்று, பாசி படர்ந்த மரப்பட்டையிலே மறைந்து வாழ்ந்தது. ஆலைப் புகையாற் பாசி அழிந்து மரங்கள் கறுத்தன. வெண்பூச்சி பறவையின் கண்ணுக்குப் புலனாயிற்று. மான்செஸ்ரரில் 1848 இல் அரிதாகக் காணப்பட்ட கரும்பூச்சி, 1895 அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாகப் பெருகியது. 1956 இன் தூயகாற்றுச் சட்டத்தின் பின்னர்ப் புகை குறைய, மீண்டும் வெண்பூச்சியே மிகுந்தது. பறவைகளே இம்மாற்றத்திற்கு ஏது என்பதை, மைக்கேல் மஜேரஸ் 2001 முதல் ஆறாண்டுகள் ஏறக்குறைய ஐயாயிரம் பூச்சிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு உறுதிப்படுத்தியது.

அந்த அந்துப்பூச்சிக்கு மாற்றுடை ஒன்று வாய்த்தது. கருநிற வகை முன்னரே அதனிடம் இருந்தது. இலைப்பூச்சிக்கோ நிறம் மட்டுமன்று, சிறகும் காலும் நடையும் யாவும் இலையே. தழைத்த கொம்பில் அதனைக் கண்டுபிடித்தல் அரிது. மொட்டைக் கொம்பிலோ முதலிற் கண்ணிற்படுவது அதுவே. ஆதலின் இலைப்பூச்சியைக் காக்க விழைவோர் முதலிற் காக்கவேண்டியது, அது ஒளிந்திருக்கும் மரத்தையே.