குளிரால் கொழுப்புக் குறையுமா?

"கத்தி இல்லை, ஊசி இல்லை, ஒரு மணித்தியாலத்தில் வயிறு குறையும்." இப்படியொரு விளம்பரத் துண்டைக் காட்டி, "அக்கா, இது உண்மையோ?" என்று தையல் வகுப்புக்கு வரும் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்டாள். மூன்று பிள்ளைகளின் தாய். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது என்பதால் தேடி வாசித்தேன்.

இந்தச் சிகிச்சையின் கதை ஓர் ஐஸ்பழத்தில் தொடங்குகிறது. ஐஸ்பழம் சூப்பிய ஒரு குழந்தையின் கன்னம் சிவந்து தடித்ததைப் பற்றி 1970 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் எழுதியிருந்தார்கள். குளிர் தோலைவிட அதன் கீழுள்ள கொழுப்பையே கூடுதலாகத் தாக்கியிருந்தது. இதை அடியொற்றி, பொஸ்டன் நகரின் மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த மான்ஸ்ரைன், அன்டர்சன் ஆகிய வைத்தியர்கள் பன்றிகளில் பரிசோதித்து 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். 2010 இல் இடுப்பின் பக்கச் சதைக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதித்தது.

கையால் கிள்ளிப் பிடிக்கக்கூடிய சதையை ஒரு கிண்ணம் போன்ற கருவி உள்ளிழுத்துக் குளிரூட்டும். தோல் பழுதாகாதிருக்க இடையில் களிம்பு ஊறிய துணி வைப்பார்கள். குளிரில் அடிபட்ட கொழுப்புக் கலங்கள் மெல்ல இறக்க, இரண்டு மூன்று மாதங்களில் உடல் அவற்றை அகற்றிவிடும். அந்த இடத்துக் கொழுப்புப் படையில் ஏறக்குறைய 20 முதல் 25 வீதம் குறையலாம்.

அவ்வளவுதான். உடல் நிறை குறையாது. நீரிழிவோடும் இருதய நோயோடும் அதிகம் தொடர்புள்ளது குடலைச் சுற்றியுள்ள உட்கொழுப்பு. அதை இந்தக் குளிர் எட்டுவதேயில்லை. சீனி வருத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சிலருக்குக் கண்டலும் விறைப்பும் சில வாரம் இருக்கும். மிகச் சிலருக்கு நேர்மாறாக, குளிரூட்டிய இடத்தில் கொழுப்புக் கட்டியாகிப் பெருக்கும். அது தானாக வற்றாது, கடைசியில் சத்திரசிகிச்சைதான். கத்தி வேண்டாமென்று போனவருக்குக் கத்தி! கனடாவின் புகழ்பெற்ற மொடல் அழகி லிண்டா இவாஞ்சலிஸ்டா தனக்கு இப்படி நேர்ந்ததாக 2021 இல் பகிரங்கமாகச் சொன்னார்.

நம்மில் பலருக்கு இன்னொரு விடயமும் உண்டு. வயிற்றில் ஷெல் காயத்தின் தழும்போ சத்திரசிகிச்சைத் தழும்போ இருந்தால், குடலிறக்கம் இருந்தால், தொட்டால் உணர்ச்சி தெரியாத தோல் இருந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். உணர்ச்சியற்ற தோல் எரிவதையோ உறைவதையோ உங்களுக்குச் சொல்லாது. குளிர் பட்டால் உடல் தடித்துச் சிவப்பவர்களும் இதைச் சொல்லவேண்டும்.

ஐஸ்கட்டியைச் சேலைத் துண்டில் சுற்றி இரவில் வயிற்றில் கட்டிக்கொள்வதாக வேறொரு சகோதரி சொன்னார். தயவுசெய்து வேண்டாம். இயந்திரம் குளிரை அளந்தபடியே கொடுக்கிறது. சேலைத் துண்டுக்கு அளவு தெரியாது. தோல் உறைந்து புண்ணாகும், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.