பந்தயத்துக்குப் போய்த் திரும்பிய எஞ்சின்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத் தொழிற்சாலைகளில் ஆட்கள் முறைவைத்து இரவெல்லாம் விழித்திருப்பார்கள். ஜெர்மன் விமானங்கள் வீசும் தீக்குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து அணைக்க வேண்டும். வில்லியம் லயன்ஸ் என்ற கார் முதலாளி தன் காவல் முறையிலேயே பொறியாளர்கள் ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லி மூவரும் வரும்படி செய்துகொண்டார். போர் முடிந்ததும் செய்ய வேண்டிய எஞ்சினைப் பற்றித்தான் அந்த இரவுகளில் பேச்சு. குடும்பத்தோடு போகிற சலூன் கார் மணிக்கு 160 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது லயன்ஸின் ஆசை.

அன்றைய சாதாரணக் கார்களில் கேம்ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு எஞ்சினின் அடியில் கிடக்கும். நீளக் கம்பிகள் வழியாகத்தான் மேலே உள்ள வால்வுகளைத் திறக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது அந்தக் கம்பிகளின் எடையே தடையாகி, வால்வு நேரத்துக்கு மூடாது. இவர்கள் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளை வால்வுகளுக்கு நேர் மேலே வைத்தார்கள். ஆறு சிலிண்டர்களும் தாராளமாக மூச்சு விட்டன. பந்தயக் கார்களிலும் பெரும் பணக்காரர்களின் கார்களிலும் மட்டுமே இருந்த ஏற்பாடு அது.

ஆனால் சலூன் காருக்கு முன்பாக, 1948இல், லயன்ஸின் ஜாகுவார் நிறுவனம் செய்த எக்ஸ்கே 120 என்ற ஸ்போர்ட்ஸ் காரில்தான் அந்த எஞ்சின் வெளியே வந்தது. பிறகு பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில், அதே எஞ்சினோடு 1951 முதல் 1957 வரை ஜாகுவாருக்கு ஐந்து வெற்றிகள்.

அந்தப் பந்தயங்களிலிருந்து ஜாகுவார் கொண்டுவந்தவற்றில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது பிரேக். பழைய டிரம் பிரேக் மூடிய சட்டிக்குள் உரசும். திரும்பத் திரும்ப அழுத்தினால் சூடு வெளியேற வழியில்லாமல் டிரம் விரிந்துவிடும், பிடி தளரும். டன்லப் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய டிஸ்க் பிரேக்கில் இரும்புத் தட்டு காற்றில் திறந்தபடி சுழல்கிறது; இரு பக்கமும் பட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. 1953 லெ மான்ஸில் ஜாகுவார் வென்றதில் இந்தப் பிரேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. மற்றவர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்த வளைவுகளில், இவர்களால் கடைசி நொடிவரை விரட்ட முடிந்தது.

1959இல் வந்த ஜாகுவார் மார்க் 2 சலூனில் இவை எல்லாம் ஒன்றுசேர்ந்தன. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். உள்ளே வால்நட் மரப் பலகையும் தோல் இருக்கைகளும். முந்தைய மாதிரியில் கண்ணாடிச் சட்டங்கள் தடித்துப் பார்வையை மறைத்தன, பின்சக்கரங்கள் நெருங்கியிருந்தன. சட்டங்களை மெலிதாக்கி, சக்கரங்களை எட்டு சென்டிமீட்டருக்கு மேல் விலக்கி வைத்தார்கள். 3.8 லிட்டர் எஞ்சின் 220 குதிரைசக்தி தந்தது. கார் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது.

நான்கு பேர் சாமான்களோடு ஏறிக்கொண்டு அந்த வேகத்தில் போகலாம் என்பதால், 1960களில் பிரிட்டிஷ் போலீசார் இதை வாங்கி நெடுஞ்சாலையில் நிறுத்தினார்கள். வங்கிக் கொள்ளையர்களும் அதே காரணத்துக்காக இதைத்தான் தேடித் திருடினார்கள்.