பல் கம்பியும் பற்கூச்சமும்

மார்கழி மாதத்து முற்பகல் ஒன்றில், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்திலுள்ள கிளையில் நாங்கள் பணியில் இருந்தோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயார் ஒருவர், பள்ளி மாணவியான தம் மகளுடன் வந்து, தொடர் வைப்புக் கணக்கின் புத்தகத்தை மேசைமீது வைத்தார்.

“இதை முடிச்சுக் குடுத்துருங்க சார். பாப்பாவோட முன்பல்லு நரம்பு செத்துப்போச்சாம். ரூட் கெனால் பண்ணணும்ங்கிறாங்க” என்றார். அக்கணக்கில் மாதந்தோறும் சேர்ந்த தொகை, மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கென ஒதுக்கப்பட்டது.

மாணவிக்குப் பல் கம்பி பொருத்தி இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. பொருத்தியது எல்லை தாண்டித் தேனி மாவட்டத்தில். கூச்சம் பொறுக்காமல் காட்டியது வேறோர் இடத்தில். அங்கு மின்சோதனைக் கருவியைப் பல்லில் வைத்தபோது, மாணவிக்கு எவ்வுணர்வும் தோன்றவில்லை. அதனால் நரம்பு இறந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்திருந்தனர். நாங்கள் மருத்துவர்கள் அல்லேம். ஆயினும் ஒன்றை மட்டும் கேட்டோம்: “கம்பி போட்ட டாக்டர்கிட்ட இதைக் காட்டினீங்களாம்மா?” காட்டவில்லை என்றார். அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வந்து கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று கூறி அனுப்பினோம்.

அதன் பின்னர் இப்பொருள் குறித்து நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, வாடிக்கையாளர்களின் பயன் கருதி இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வலி எங்கிருந்து வருகிறது?

பல்லின் வேர், தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே மெல்லிய இழைநார்ப் படலம் ஒன்று உண்டு. கம்பியின் விசை பல்லைத் தள்ளும்போது, இப்படலம் ஒரு புறம் நசுங்கி மறுபுறம் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இவ்வாறே பல் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவில் நகர்கிறது.

நசுங்கிய இடத்தில் குருதியோட்டம் குறைவதாலும், அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் சுரப்பதாலும் வலி எழுகிறது. கம்பியை இறுக்கிய சில மணி நேரத்தில் தொடங்கும் இவ்வலி, பெரும்பாலோர்க்கு 24 மணி நேரத்தில் உச்சம் அடைந்து, ஒரு வாரத்திற்குள் தணிந்துவிடும். விசை மிகுந்தால் பல் விரைவில் நகரும் என்பது தவறான எண்ணம். நுண்குழல்களின் குருதியழுத்தத்தை விஞ்சாத மெல்விசையே ஏற்றது என்று 1932-ஆம் ஆண்டிலேயே ஷ்வார்ஸ் என்னும் அறிஞர் வரையறுத்தார். சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்பது அவர் கூறிய அளவு.

கூசும் பல் உணராதது ஏன்?

பல்லின் நடுவிலுள்ள பற்கூழில்தான் நரம்பும் குருதிக்குழல்களும் உள்ளன. இவை வேர்நுனியின் நுண்துளை வழியாக உள்ளே செல்கின்றன. வேர் அசையும்போது இவ்வழியில் குருதியோட்டம் சிறிது காலம் மாறுபடுகிறது. அதன் விளைவு இரு வகையாக வெளிப்படும். ஒருபுறம், அழற்சியால் நரம்பு முனைகள் கூர்மையடைந்து, குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசுகிறது. மறுபுறம், மின்சோதனையில் அதே பல் முன்னைவிடக் கூடுதல் மின்தூண்டல் செலுத்தினால்தான் உணர்வு காட்டுகிறது. சில வேளைகளில் உணர்வே காட்டாமலும் போகிறது.

இதனைப் பல்லின் மரணம் என்று கொள்ளலாகாது. மின்சோதனை அறிவது நரம்பின் மறுமொழியை மட்டுமே. பற்கூழில் குருதி ஓடுகிறதா என்பதை அது கூறாது. ஆதலால் கம்பி பொருத்தியிருக்கும் காலத்தில் மின்சோதனையைவிடக் குளிர்ச்சோதனையே நம்பத்தக்கது என்பது பல் சீரமைப்புத் துறையின் பட்டறிவு. பெரும்பாலான பற்களில் உணர்வு மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வேர் சிகிச்சையோ ஒருமுறை செய்தால் மீட்க இயலாதது.

மலைக் குளிரும் சமவெளி நீரும்

நம் எல்லைப் பகுதிகளில் இக்கூச்சத்தைப் பெருக்கும் சூழல்களும் உண்டு. மூணாற்றின் குளிர்காலத்தில் அதிகாலையில் குழாய்நீரால் வாய் கொப்பளித்துவிட்டு, உடனே கொதிக்கும் தேநீர் அருந்துவது தோட்டத்து வழக்கம். பல்லின் எனாமல் தேய்ந்த இடங்களிலும் ஈறு இறங்கிய இடங்களிலும் நுண்குழாய்கள் திறந்திருக்கும். குளிரும் சூடும் அவற்றினுள் உள்ள திரவத்தை அசைக்க, நரம்பு சுண்டி இழுக்கிறது. சுவீடன் நாட்டு மார்ட்டின் பிரென்ஸ்ட்ரோம் 1960-களில் நிறுவிய விளக்கம் இது. கம்பி இருக்கும் நாட்களில் வெதுவெதுப்பான நீரே நலம்.

பாலக்காட்டுச் சமவெளியில் இடர் வேறு வகையானது. மழை குறைந்த சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது ஆய்வுகளில் பதிவான செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய வரையறை. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரையே பருகியவர்க்கு எனாமல் கறை படிந்தும், கடுமையான நிலையில் நுண்துளை மிகுந்தும் அமையும். அத்தகைய பல்லில் கூச்சம் மிகலாம். கம்பிக்கான பொத்தான்களும் எளிதில் பெயரலாம். எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே தாம் வளர்ந்த ஊரையும் பருகிய நீரையும் மருத்துவரிடம் கூறிவிடுதல் நன்று.

காலம் தாழ்த்தக் கூடாதவை

எல்லா வலியையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. பல் சாம்பல் நிறமாகக் கறுத்தல், இரவில் தானாகவே எழும் விண்விண் என்ற வலி, சூடான பொருளை விழுங்கிய பின்னும் நெடுநேரம் நீங்காத வலி, ஈற்றில் வீக்கம் அல்லது சீழ் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரை நாட வேண்டும். முன்பே கீழே விழுந்தோ பந்து பட்டோ அடிபட்ட பல்லில் நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல். அதனையும் தொடக்கத்திலேயே தெரிவித்தல் வேண்டும். வலிக்கான மாத்திரையைத் தாமே வாங்கி உண்ணாமல், எது ஏற்றது என்று மருத்துவரிடம் கேட்டறிவதே முறை; ஐபுப்ரோஃபென் போன்ற சில மாத்திரைகள் பல்லின் நகர்வைத் தாமதப்படுத்தக்கூடும் என்ற கருத்து உண்டு.

செலவுக்கும் ஒரு திட்டம்

இச்சிகிச்சை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காண வேண்டும். குமுளியிலிருந்து கம்பத்திற்கும், பூப்பாறையிலிருந்து போடிக்கும், வாளையாற்றிலிருந்து கோயம்புத்தூருக்கும் செல்வோர்க்கு ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் செலவாகிறது. வலிக்கு அஞ்சியோ வழிச்செலவுக்கு அஞ்சியோ பாதியில் நிறுத்தினால், நகர்ந்த பற்கள் பழைய இடம் நோக்கித் திரும்பும், செலவிட்டது வீணாகும்.

விபத்தால் நேர்ந்ததைத் தவிர்த்த பல் சிகிச்சையைப் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்பதில்லை. ஆகையால் சிகிச்சைக்கென்றே தனித் தொடர் வைப்பு ஒன்றை முன்கூட்டித் தொடங்குதல் சாலச் சிறந்தது. மாதம் 1,500 ரூபாய் வீதம் 24 மாதங்கள் செலுத்தினால் அசல் மட்டும் 36,000 ரூபாய் சேரும். கல்விக்கான சேமிப்பில் கை வைக்கும் நிலை அப்போது எழாது.

அந்தத் தாயார் பத்து நாட்கள் கழித்து மீண்டும் வந்தார். கம்பி பொருத்திய மருத்துவர் குளிர்ச்சோதனை செய்து, பல் உயிரோடு இருப்பதாகக் கூறி, விசையைச் சற்றுத் தளர்த்தியிருந்தார். தாயார் கணக்கை முடிக்க வரவில்லை; அம்மாதத் தவணையைச் செலுத்தவே வந்திருந்தார். மறு ஆண்டு கம்பி கழற்றப்பட்டபோது அப்பல் மற்றைப் பற்களைப் போலவே உணர்வு பெற்றிருந்தது. அந்த வைப்புத் தொகை முதிர்ந்த நாளில், எங்கள் கிளையிலிருந்து கல்லூரிக் கட்டணத்திற்கான வரைவோலையாகச் சென்றது.