தக்காளி நாற்றும் வசந்தகால நடவும்

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள ஆண்டிஸ் மலைச்சாரல். அங்கிருந்து உலகெங்கும் பரவிய போதிலும், உறைபனியைத் தாங்கும் வல்லமையை இச்செடி எந்நாட்டிலும் பெற்றதில்லை. உஷ்ணநிலை 12 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே சென்றால் அதன் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பூஜ்யத்தை எட்டினால் இலையிலுள்ள நீர் உறைந்து, திசுக்கள் சிதைந்து, விடியும்போது செடி வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்குகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழ்வோர் இக்காட்சியைக் கண்டிருக்க இயலாது. நீலகிரியிலும் கோடைக்கானலிலும் உள்ளோர் நன்கு அறிவர். பஞ்சாப், ஹரியானா, தில்லி, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளிலும் இமயமலைச் சரிவுகளிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உழவர் அஞ்சும் பகை இதுவே.

ஆயினும், வட இந்தியச் சமவெளியில் பனியை மட்டும் எண்ணி நடவைத் தள்ளிப்போட முடியாது. ஏனெனில் அங்கே வசந்தம் மிகக் குறுகியது. தில்லியில் ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச உஷ்ணம் 7, 8 டிகிரி அளவில் நிற்கிறது. ஏப்ரலில் பகல் உஷ்ணம் 36 டிகிரியைக் கடந்து, மே மாதத்தில் 40 டிகிரியை நெருங்குகிறது. தக்காளிப் பூ நன்கு காய்பிடிக்க இரவு உஷ்ணம் 15 முதல் 20 டிகிரி வரை இருத்தல் வேண்டும். இரவு 13 டிகிரிக்குக் கீழே சென்றாலும், பகல் 35 டிகிரிக்கு மேல் ஏறினாலும், மகரந்தம் தன் ஆற்றலை இழக்கிறது. பூக்கள் காயாகாமல் உதிர்கின்றன. கனி சிவப்பதற்கும் எல்லை உண்டு. 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் செந்நிறப் பொருளாகிய லைக்கோபீன் போதிய அளவு உண்டாவதில்லை. கனி மஞ்சள் கலந்த நிறத்துடன் நின்றுவிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நட்ட நாளிலிருந்து பூக்க ஏறக்குறைய ஒரு மாதமும், பூவிலிருந்து கனியப் பின்னும் ஒன்றரை மாதமும் ஆகின்றன. பிப்ரவரி முதல் வாரத்தில் நட்ட செடி மார்ச் முதல் வாரத்தில் பூத்து, இதமான இரவுகளில் காய்பிடித்து, ஏப்ரல் பிற்பகுதி தொடங்கிக் கனி தருகிறது. மார்ச் நடுவில் நட்ட செடியோ ஏப்ரல் நடுவில் வெயிலின் வாயில் பூக்கிறது. இரண்டுக்கும் ஒரே விதை, ஒரே எரு, ஒரே உழைப்பு. ஆனால் பின்னதில் உழவருக்குக் கிடைப்பது செழித்த இலைகளும் சில கனிகளுமே. இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈயும் வெயில் ஏற ஏறப் பெருகுவதால், தாமதமாக நட்ட செடிக்கு அத்தொல்லையும் சேருகிறது. ஐந்தாறு வாரப் பிந்துதல் ஒரு போகத்தையே கொண்டுபோய்விடக்கூடும்.

ஆதலால் பனி நீங்கும் நாளில் விதைப்பது பயனற்றது. அந்நாளில் நடுவதற்கேற்ற நாற்று கையில் இருக்க வேண்டும். குளிர்காலத்திலேயே காப்பிடத்தில் நாற்று வளர்ப்பதன் நோக்கம் இதுதான். சமவெளியில் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை விதைத்த நாற்று, குளிரில் மெதுவாக வளர்ந்து, 50, 60 நாட்களில் பிப்ரவரி நடவுக்கு வந்துசேரும். இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோற்றுவித்த பூசா ரூபி போன்ற முன்கனி இரகங்கள், இக்குறுகிய காலத்துக்குள் விளைச்சலை முடிப்பதால்தான் இங்கு பெயர் பெற்றன.

முளைப்பதற்கும் வளர்வதற்கும் வேண்டிய நிலைமைகள் வேறு வேறு என்பதைப் பலர் கருதுவதில்லை. முளைக்கும் விதைக்கு வெளிச்சம் தேவையில்லை, வெப்பமே தேவை. மண்ணின் உஷ்ணம் 25 டிகிரியாயின் 6 நாட்களில் முளைக்கும் விதை, 20 டிகிரியில் 8 நாட்களும், 15 டிகிரியில் 14 நாட்களும், 10 டிகிரியில் 43 நாட்களும் எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த மண்ணில் அத்தனை நாள் கிடக்கும் விதையில் பெரும்பகுதி அழுகிப்போகும். எனவே விதைத்த தட்டைச் சமையலறை அடுப்புக்கு அருகேயுள்ள அலமாரியில் வைப்பது நல்லது. தோட்டக்கலை அறியாத பாட்டியரும் தயிர் உறைய வைக்க நாடும் இடம் அதுவே.

முளை தலைகாட்டிய அன்றே நிலைமை மாறுகிறது. இப்போது வேண்டுவது வெளிச்சம். வெப்பம் சற்றுக் குறைவாயிருப்பதும் நன்று. அடுப்பருகில் இன்னும் நான்கு நாள் விட்டுவைத்தால், நாற்று ஒளியைத் தேடி நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும். தெற்கு நோக்கிய சன்னலோரம் வைத்து, தட்டை நாள்தோறும் திருப்பிவிட வேண்டும். அறைப்பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிய அட்டையை நிறுத்தினால் ஒளி இருபுறமும் கிடைக்கும்.

தட்டு விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அடியில் துளையிட்ட பழைய ஆப்பிள் பெட்டியே போதும். தோட்ட மண், மணல், நன்கு மக்கிய எரு ஆகியவற்றைச் சமபாகமாகக் கலந்து, விதையை ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில், 5 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிகளில் இடுதல் வேண்டும். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதைகள் உள்ளன. நெருக்கி விதைப்பது சிக்கனமன்று. நெருக்கமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பித்தியம் முதலிய பூசணங்கள் தண்டின் அடியைத் தாக்கி, நாற்றுகளை ஓரிரவில் சாய்த்துவிடுகின்றன. கிலோ விதைக்கு 3 கிராம் திரம் மருந்தோ, 4 கிராம் டிரைக்கோடெர்மாவோ கலந்து விதைப்பதும், காலையில் மட்டும் அளவாக நீர் விடுவதும் இந்நாற்றழுகலைத் தடுக்கும்.

வயலில் நாற்றங்கால் அமைக்கும் உழவர், மேட்டுப்பாத்தியின் வடபுறத்தில் சர்க்கண்டா என்னும் நாணற்புல்லால் சாய்ப்புத் தட்டி கட்டுகின்றனர். அது வாடைக் காற்றைத் தடுத்து, தென்திசைச் சூரியனை உள்ளே விடுகிறது. வளைவுக் குச்சிகளின் மேல் பாலிதீன் விரித்த தாழ்ந்த கூடாரங்களும் பெருகிவருகின்றன. பகலில் அவற்றின் முனைகளைத் திறக்க மறந்தால் உள்ளே வெப்பம் ஏறி நாற்று வெந்துபோகும். பனியைவிட இம்மறதியே சில இடங்களில் அதிக நாற்றைக் கொன்றிருக்கிறது.

மலைப்பகுதிகளில் கணக்கு வேறு. குலூ பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் மார்ச்சில் விதைத்து, ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத் தொடக்கத்தில் நடுவர். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் நடவு மே மாதத்துக்குச் செல்கிறது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரப் பகுதியில், தரையைத் தோண்டி மேலே பாலிதீன் மூடிய குழிக்கூடங்களில், மண் பகலில் சேர்த்த வெப்பத்தைக் கொண்டே நாற்று வளர்க்கப்படுகிறது. ஒரே பள்ளத்தாக்கிலும் இடத்துக்கு இடம் வேற்றுமை உண்டு: குளிர்ந்த காற்று கனமானதாகையால் நீர்போல் கீழே வடிந்து தாழ்வில் தேங்குகிறது. ஆற்றங்கரை நிலத்தில் பனி விழும் இரவில், சற்று மேலேயுள்ள சரிவு தப்பிவிடலாம்.

பனி விழும் இரவை முன்னறிவது அத்துணைக் கடினமன்று. மேகமும் காற்றுமில்லாத தெளிந்த மாலையில் உஷ்ணம் விரைந்து இறங்கினால் ஐயுறவு கொள்ள வேண்டும். வானிலை நிலையத்தார் அறிவிக்கும் உஷ்ணம் தரைக்குச் சுமார் 1.2 மீட்டர் உயரத்தில், நிழற்பெட்டிக்குள் அளக்கப்படுவது. தெளிந்த இரவில் புல்மட்டத்தில் அதைவிட 3, 4 டிகிரி குறைவாயிருக்கக்கூடும். ஆகவே அறிவிப்பில் 3 டிகிரி என்றிருந்தாலும் நாற்றைப் போர்த்துவதே முறை. பள்ளி ஆசிரியர்கள் இரண்டு உஷ்ணமானிகளைக் கொண்டு இவ்வேறுபாட்டை மாணவர்களே குறித்துவரச் செய்யலாம். அக்குறிப்பு ஊர் உழவருக்கும் பயன்படும்.

நடவுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னிருந்து நாற்றைப் பழக்குதல் வேண்டும். நீரைக் குறைத்து, முதல்நாள் ஒரு மணி நேரம், பின்னர் அரைநாள், பின்னர் முழுநாள் என வெளியில் வைக்க, இலை தடித்துத் தண்டு உறுதிப்படும். நான்கைந்து இலைகளும் 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள நாற்றே தக்கது. முந்திக்கொள்ளும் ஆவலில் அக்டோபரிலேயே வீட்டில் விதைத்து, பெட்டியிலேயே பூவிட்ட நாற்றை நடுவோர் உண்டு. வேர் சுருண்ட அந்நாற்று நட்ட பின் நெடுநாள் திகைத்து நிற்க, பின்னால் விதைத்த இளநாற்று அதை முந்திச் செல்கிறது.

பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மண்ணின் உஷ்ணம் காலையில் 15 டிகிரியை எட்டியதும், மாலை வேளையில் நடலாம். நூல்போல் நீண்டுவிட்ட நாற்றை எறிந்துவிட வேண்டியதில்லை. கீழிலைகளைக் கிள்ளி, தண்டின் பெரும்பகுதியை மண்ணுள் படுக்கவைத்து மூடினால், புதைந்த தண்டு முழுவதும் புதுவேர் விடும். நட்ட பின் இரண்டு வாரம் வரை வைக்கோலோ தட்டியோ வயலோரத்தில் கைக்கெட்டும்படி இருக்கட்டும். தெளிந்த இரவு ஒன்று பிப்ரவரியிலும் வரக்கூடும்.